கல்லூரித் தளத்தின் முகப்பில் யார் படம்?

கேள்வி (ஏப்ரல் 9, மாலை)

தென் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. இணையதளத்தைப் புதுப்பிக்கக் குழு போட்டிருக்கிறார்கள். நூலகர் சும்மாதானே இருக்கிறார் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை வந்த கொட்டேஷன்கள் எல்லாம் ஒரே அச்சு: மேலே மாறி மாறி ஓடும் பெரிய படங்கள், அதன் கீழே தாளாளர் செய்தி, முதல்வர் செய்தி, அப்புறம் எண்கள் கடகடவென்று ஏறும் ஒரு பட்டை. ‘பார்த்தவுடனே பளிச்சென்று இருக்கணும்’ என்கிறார் தாளாளர். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வருவதற்குள் எல்லா ஆவணமும் ஏறியாக வேண்டும் என்கிறார் முதல்வர். அழகாகவும் இருக்க வேண்டும், உருப்படியாகவும் இருக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

ஏப்ரல் 9, இரவு

கொட்டேஷனை மூடி வையுங்கள். ஆபீஸில் போன் எடுக்கிறவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பி.காம். இன்னும் இருக்கா. ஹாஸ்டல் எவ்வளவு, சாப்பாட்டோட சேர்த்தா. டிசி ஒரிஜினல் வேணுமா, ஜெராக்ஸ் போதுமா. பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த டவுன் பஸ். முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் வரலை, பின்னாடி கொடுக்கலாமா. 2011இல் படிச்சேன், மார்க் ஷீட் தொலைஞ்சுபோச்சு, யாரைப் பார்க்கணும்.

அந்தத் தாள்தான் உங்கள் தளத்தின் வரைபடம். கல்லூரி, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று தளம் செய்துகொடுப்பது என் பிழைப்பு. போன் எடுக்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்ட நிர்வாகக் குழு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 10, காலை

ஓடும் படங்களைப் பற்றி. அமெரிக்காவில் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் இணையப் பிரிவில் இருந்தவர் 2013 வாக்கில் தன் தளத்தில் இதை அளந்து வெளியிட்டார். முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் ஓடும் படங்களைத் தொட்டார்கள். அப்படித் தொட்டவர்களிலும் 84 சதவீதம் பேர் தொட்டது முதல் படத்தை. அவர் பார்த்த மற்ற தளங்களில் கணக்கு கொஞ்சம் கூடக் குறைய வந்தது. ஆனால் ஐந்தாவது படத்தில் போட்ட அறிவிப்பை யாரோ பார்ப்பார்கள் என்று நம்ப அந்தக் கணக்குகளில் இடமில்லை.

அப்புறம் ஏன் எல்லாக் கல்லூரியிலும் அது ஓடுகிறது? ஐந்து துறைத் தலைவர்கள் முகப்பில் இடம் கேட்டால் ஐவருக்கும் ஆளுக்கு ஒரு படம் கொடுத்துச் சமாதானம் செய்யலாம். வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏப்ரல் 10, மதியம்

‘நீங்கள் 4,38,112ஆவது பார்வையாளர்’ என்கிற எண்ணையும் எடுத்துவிடுங்கள். அதில் பாதி கூகுளின் ரோபோ, மீதிப் பாதியில் பாதி தளம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் உங்கள் கணினித் துறை.

ஏப்ரல் 12

அழகு வேண்டாமா என்று இந்த இழையில் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். வேண்டும். எது அழகு என்பதில்தான் தகராறு.

பிரிட்டன் அரசு தன் துறைகளின் தளங்களை எல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவர 2012 அக்டோபரில் கவ் டாட் யூகே என்ற தளத்தைத் திறந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல இணைப்புகள். படம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. மறு ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் அதற்குத்தான் அந்த ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்ற பரிசைக் கொடுத்தது. கட்டடம், நாற்காலி, கார் எல்லாம் போட்டியிட்ட பரிசு அது. அந்தத் தளத்தின் எழுத்துரு அந்நாட்டுச் சாலைப் பலகைகளுக்கு ஜாக் கின்னெயரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வரைந்த எழுத்தின் வழிவந்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வரைந்த எழுத்து, வரி கட்ட வருகிறவனுக்கும் தெரிகிறது.

நீங்கள் நூலகர், உங்களிடம் இதைச் சொல்வதே கூத்து. சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது என்ன? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. குழுவில் யாராவது உங்களைப் பேசவிடவில்லை என்றால் அதை எடுத்துப் போடுங்கள்.

ஏப்ரல் 13

‘அங்கே எடுபடும், எங்கள் ஊரில் வெள்ளையாக விட்டால் வாங்கிய காசுக்கு என்ன செய்தாய் என்பார்கள்’ என்ற பின்னூட்டத்தை நேற்று ராத்திரி படித்தேன். உண்மைதான், எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு அறக்கட்டளைக்குத் தளம் செய்தபோது நிறுவனர் படம் முகப்பின் உச்சியில் வந்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். தேர்தல் பேனர் மாதிரி இடதுபக்கம் நிறுவனர், வலதுபக்கம் அவர் மகன், நடுவில் கல்லூரிப் பெயர் ரோஜா நிறத்தில். வாதாடிப் பயனில்லை என்று, அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய படங்களைக் கேட்டு வாங்கினேன். ஓலைக் கொட்டகையில் நடந்த முதல் வகுப்பு, கிணறு வெட்டிய நாள், மாட்டு வண்டியில் வந்து இறங்கிய பெஞ்சுகள். அதை வைத்து ‘கல்லூரி வந்த கதை’ என்று தனிப் பக்கம் செய்தோம். நிறுவனரின் மகன் அதை உட்கார்ந்து பார்த்துவிட்டு, முகப்பில் சின்னதாக ஒரு இணைப்பு இருந்தால் போதும் என்று அவராகவே சொன்னார். மரியாதை குறையக்கூடாது என்பதுதான் அவர் கவலை. அது எங்கே இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

ஆகவே, தாளாளர் படமே கூடாது என்று சொல்ல வரவில்லை. சேர்க்கைக் கட்டணத்துக்கும் படிக்க வருகிற பிள்ளைக்கும் நடுவில் அது நிற்கக்கூடாது.

ஏப்ரல் 13, இரவு

படங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். கவ் டாட் யூகேயைச் சொன்னதும் படமே வேண்டாம் என்று சிலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கல்லூரி வரி ஆபீஸ் அல்ல. மகளை விடுதியில் சேர்க்கப்போகிற ஒரு அம்மா போனில் படம் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நுழைவாயில் வளைவையும் பட்டமளிப்பு விழாவையும் விரலால் தள்ளிவிட்டார். விடுதி அறை படம் வந்ததும் இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஜன்னலில் கம்பி இருக்கிறதா, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் எவ்வளவு இடம், சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா. பாத்ரூம் படம் இல்லையா என்று கேட்டார். இல்லை. எந்தக் கல்லூரித் தளத்திலும் இருக்காது.

புல்வெளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மடிக்கணினியோடு சிரிக்கும் படத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுவதைவிட, உங்கள் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துப் படிக்கிற பையனைப் போனில் எடுத்துப் போடலாம். அனுமதி கேட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

தமிழ்ப் பதிப்பு எதற்கு, ஆங்கிலம் போதாதா என்று கேட்டவருக்கு: கட்டணம் கட்டுகிறவர் யார்? பையன் ஆங்கிலம் படிப்பான். பணம் புரட்டுகிற அப்பா தமிழில் படிப்பார்.

ஆனால் தமிழில் தளம் என்றால் ஆங்கில டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டுவது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கொட்டினால் என்ன ஆகும்? ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘விண்ணப்பிக்க’ பிதுங்கும், ‘உதவித்தொகை விவரங்கள்’ இரண்டு வரியாக உடைந்து கீழே இருப்பதன் மேல் ஏறும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே இருந்தால் மேல்வரியின் ‘கூ’வும் ‘ணு’வும் கீழ்வரியின் ‘றீ’யோடு முட்டும். எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு, 1.7 மடங்கு வரி உயரம் வையுங்கள், மூச்சு வரும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நிரப்பாதீர்கள். நம் சொற்கள் நீளம், போன் திரை குறுகல், இழுத்தால் வரிக்கு இரண்டு சொல் நின்று நடுவில் வெறும் பள்ளம். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழுக்கென்று சாய்வு வரையப்பட்டிருப்பது அபூர்வம், இல்லாதபோது உலாவி நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்தாகப் போட்டுத் தலைப்பைத் தூக்கிக் காட்டுவார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. தடிமனும் அளவும் வண்ணமும்தான் கை கொடுக்க வேண்டும்.

எழுத்துருவுக்குப் பஞ்சம் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை எல்லாம் இலவசம். நான் பத்திக்கு நோட்டோ, தலைப்புக்கு முக்தா மலர் என்று பழகிவிட்டேன். கட்டமரன் தலைப்பில் அழகு, பத்தியில் எனக்குப் பிடிக்காது. இது என் கண், உங்கள் கண் வேறு சொல்லலாம்.

பக்கத்தின் மூலநிரலில் மொழி தமிழ் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை. அது இல்லாவிட்டால், பார்வையற்றோருக்குத் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்த்துத் திணறும்.

ஏப்ரல் 15, சற்று நேரம் கழித்து

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பக்கங்கள் இருக்கின்றன, அப்படியே ஏற்றலாமா என்று நூலகர் கேட்டிருக்கிறார். கூடாது. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கூகுளுக்கும் அது குப்பைதான், ‘விடுதி’ என்று தேடுகிறவர் கண்ணில் படவே படாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தரமாக ஏற்றாயிற்று. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். ‘ஸ்ரீ’யும் மேற்கோள் குறிகளும் எண்களும் அடிக்கடி உதைக்கும்.

ஏப்ரல் 19

தமிழில் போட்டால் பக்கம் கனக்கும், ஒரு எழுத்துக்கு மூன்று பைட் என்கிறார் ஒரு தம்பி. கணக்கு கிட்டத்தட்ட சரி. யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும், ‘கூ’ என்றால் இரண்டு குறி. 5,000 குறிகள் உள்ள நீண்ட பக்கம் 15,000 பைட், அதாவது 15 கேபி. ஆண்டு விழாவில் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரே ஒரு குத்துவிளக்குப் படம் 4 எம்பி. குத்துவிளக்கைச் சுருக்கிவிட்டுத் தமிழைப் பற்றிப் பேசலாம் தம்பி.

ஏப்ரல் 21

பிடிஎஃப். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

போன வாரம் ஒரு கல்லூரித் தளத்தில் கட்டண விவரம் தேடினேன். ‘அறிவிப்புகள்’ என்பதற்குள் போய், பக்கத்தில் ‘நியூ’ என்று குதிக்கும் ஒரு மஞ்சள் படத்தோடு 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் கடந்து, கடைசியில் ஒரு பிடிஎஃப் கிடைத்தது. கணினியில் அடித்து, பிரின்ட் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, திரும்ப ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். தாள் கோணலாக இருக்கிறது, மூலையில் ஸ்டேப்ளர் முள்ளின் நிழல், ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ. கையெழுத்துக்கு மேல் விழுந்த ஊதா முத்திரை விடுதிக் கட்டணத்தை மறைத்துவிட்டது. அந்தத் தொகை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதைப் பார்வையற்ற மாணவர் எப்படிப் படிப்பார்? என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே தொடங்கியது. அதைக் கணினியில் போட்டுக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தில் பி.ஏ. வரலாறு கட்டணத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள். ஸ்கேன் தாளுக்குள் அதற்கு எழுத்தே கிடைக்காது. விவரம் எழுதாத பட இணைப்பு வந்தால் கோப்பின் பெயரைப் படிக்கும், ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டாயிரத்து… என்று. உங்கள் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரைக் குழுவில் சேருங்கள். கொட்டேஷன் கொடுக்கும் கம்பெனிக்காரர் எதிரில் அவரை உட்காரவைத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கவுரையும் தேவைப்படாது.

கையெழுத்து போட்ட பிரதி தணிக்கைக்கு வேண்டும் என்றால் அதுவும் இருக்கட்டும். ஆனால் தொகை பக்கத்திலேயே எழுத்தாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 24

நாக் ஆவணங்கள் பற்றி முதல்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சுய ஆய்வறிக்கை, ஆண்டுத் தர அறிக்கைகள், ஐக்யூஏசி என்ற உள்தரக் குழுவின் கூட்டக் குறிப்புகள், அவற்றுக்கு ஆதாரமாக நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒரு இணைப்பு உடைந்தால் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம். அதற்குத் தனிப் பிரிவு ஒதுக்கி, அளவுகோல் எண் வாரியாக ஒரு அட்டவணை போட்டு, முகப்பின் அடியில் ஒரு இணைப்பு கொடுங்கள். மதிப்பிட வருகிறவர்களுக்கு எண் தெரியும், நேரே போவார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையின் மெனுவில் அதற்கு என்ன வேலை?

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியும் 2024இல், உயர்கல்வி நிறுவனங்கள் தளத்தில் தாமாக என்னென்ன வெளியிட வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டணமும், விலகினால் பணத்தைத் திருப்பித் தரும் விதியும் அதில் உண்டு. பெற்றோர் போனில் கேட்பதும் அதுதான். விதிக்காக ஒன்று, ஜனங்களுக்காக ஒன்று என்று இரண்டு தரம் எழுத வேண்டியதில்லை.

ராகிங் தடுப்பு எண் 1800-180-5522 படமாக இல்லாமல், தொட்டால் அழைப்பு போகிற மாதிரி இருக்கட்டும். அதைத் தேடுகிற பிள்ளை நிதானமாக உட்கார்ந்து தேடப்போவதில்லை.

மே 2

வண்ணச் சண்டை தொடங்கிவிட்டது என்று நூலகர் எழுதியிருக்கிறார். கல்லூரிக் கொடி சிவப்பு மஞ்சள், தளமும் அப்படித்தான் வேண்டுமாம்.

இதில் ரசனையைப் பேசாதீர்கள், எண்ணைப் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழி சொல்லும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையில் முழு மஞ்சள் 1.07. அதாவது இல்லை. மஞ்சளில் முழுச் சிவப்பு 3.7, வெள்ளையில் முழுச் சிவப்பு 4க்கு ஒரு மயிரிழை கீழே. கண்ணைப் பறிக்கும், படிக்க விடாது. அதே சிவப்பைக் குங்குமத்திலிருந்து அரக்குக்கு இறக்கினால் வெள்ளையில் 10ஐத் தாண்டும். அரக்கு எழுத்து, வெள்ளைப் பின்னணி, மஞ்சள் ஒரு மெல்லிய கோடாக. கொடியும் இருக்கும், கண்ணும் பிழைக்கும்.

ஓடும் எழுத்துக்கும் அதே வழிகாட்டி விதி வைத்திருக்கிறது. தானாக ஆரம்பித்து 5 நொடிக்கு மேல் நகர்வது எதுவானாலும், பக்கத்தில் வேறு விஷயமும் இருந்தால், நிறுத்த ஒரு வழி தர வேண்டும். உங்கள் ‘சேர்க்கை நடைபெறுகிறது’ காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறது, பாவம்.

மே 10

இந்த இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முகப்பு முகப்பு என்று அளவுக்கு மேல் பேசிவிட்டோம், நானும்தான். பாதிப் பேர் முகப்பு வழியாக வருவதே இல்லை. ஊர்ப் பெயரும் ‘பி.எஸ்சி. கட்டணம்’ என்பதும் சேர்த்துக் கூகுளில் தட்டுவார்கள், நேரே உள்பக்கத்தில் வந்து விழுவார்கள். அல்லது சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொடுவார்கள். வந்து விழுந்த பக்கத்தில் எந்தக் கல்லூரி, எந்த ஊர், எந்த ஆண்டுக்கான தகவல், யாரைக் கூப்பிடுவது என்ற நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு போடாத கட்டணப் பக்கம் போன வருடத்துச் சண்டையை இந்த வருடம் கொண்டுவரும்.

வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது கூடவே வரும் சின்னப் படத்தையும் தலைப்பையும் உங்கள் ஆளிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியின் இணைப்போடு, டெம்ப்ளேட் விற்ற கம்பெனியின் சின்னம் வெகு காலம் ஊர் சுற்றியது.

தாளாளருக்கு ஏற்ற பளிச் இங்கேதான் இருக்கிறது. நல்ல படம், தெளிவான பெயர், ஊர்க் குழுக்களில் எல்லாம் அதுதான் போய் நிற்கும்.

மே 22

டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஏசி டாட் இன், இடியூ டாட் இன் என்று முடியும் பெயர்களை மத்திய அரசின் எர்நெட் அமைப்புதான் தருகிறது, கல்லூரியின் கடிதத்தோடு வாங்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஏஜென்ட் தன் மின்னஞ்சலில் டாட் காம் வாங்கி வைத்திருந்தால், அவரோடு மனஸ்தாபம் வந்த அன்று தளம் போய்விடும். கடவுச்சொல் எங்கே என்று கேட்டால் ‘போன கெஸ்ட் லெக்சரரிடம் இருக்கு’ என்று பதில் வந்த இடம் எனக்குத் தெரியும். அந்தத் தளத்தின் அடியில் வெள்ளையில் வெள்ளை எழுத்தாகச் சூதாட்ட இணைப்புகள் வரிசையாக இருந்தன. மனிதர் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். கல்லூரி டொமைன்களுக்குத் தேடலில் மதிப்பு இருப்பதால் இந்த ஆட்கள் குறிவைப்பதே இவற்றைத்தான். மென்பொருளைப் புதுப்பிக்கிற வேலையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், தொகையோடு.

ஜூன் 4

நூலகர் மாதிரித் தளத்தின் இணைப்பை அனுப்பியிருந்தார், என் போனில் பார்த்தேன். ஓடும் படங்கள் போய்விட்டன. நிறுவனர் ‘எங்களைப் பற்றி’யில் பழைய கட்டடத்தின் முன் நிற்கிறார், நன்றாகவே இருக்கிறது. விடுதிக் கட்டணம் எழுத்தாக இருக்கிறது. டவுன் பஸ் எண்ணைப் போட்டது யார் யோசனை? அருமை.

மெனுவில் ‘மாணவர் மூலை’ என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கும் என்று எந்த மாணவருக்கும் தெரியாது. உள்ளே இருப்பது தேர்வு அட்டவணையும் உதவித்தொகையும்தானே, அந்தப் பெயரிலேயே வெளியே வையுங்கள். கட்டணப் பக்கத்தில் ‘தோராயமாக’ என்று போட்டிருப்பதை எடுத்துவிட்டு, சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து முதல் நாள் எவ்வளவு பணத்தோடு வர வேண்டும் என்று ஒரே தொகையாகப் போடச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளாது. என்ன காரணம் சொல்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.